தூங்குமூஞ்சி விரியும் நேரம்

மார்ச் 4
ஏழு நைட் டியூட்டியில் முதல் நைட். குறைமாதப் பிள்ளைகள் வார்டு. மூன்றாம் இன்குபேட்டர் பெட்டியில் புதுப் பிள்ளை. 28 வாரத்தில் பிறந்தவன், 980 கிராம். அவன் உள்ளங்கை என் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு.

மார்ச் 5
950. முதல் வாரம் எடை இறங்கத்தான் செய்யும். தெரியும். தெரிந்தும் தராசைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 6
இரண்டரை மணிக்கு மூச்சை நிறுத்திவிட்டான். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, மறுபடி சுண்டி... பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. பால் ஏற்றும்போதும், மருந்து எழுதும்போதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஐந்தேகாலுக்கு, இருட்டு பிரியும் முன்பே, வெளியே கரிச்சான் குருவி கத்தியது. அதற்குப் பிறகுதான் நடுக்கம் நின்றது.

மார்ச் 8
பகலில் தூக்கமே இல்லை. ஜன்னலில் போர்வை கட்டியும் இல்லை.

மாடிப்படி ஜன்னலுக்கு நேரே நிற்கும் தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமே இலையை மடக்கிவிடுகிறது. இலைக்காம்பின் அடியில் உப்பலாக ஒரு கணு. அதில் நீர் ஏறி இறங்குவதில்தான் இலை விரிவதும் மூடுவதும். இருட்டறையில் வைத்தால்கூடச் சில நாள் தன் நேரத்துக்கே விரியுமாம். என் உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒன்பது வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

வார்டில் ராத்திரியே கிடையாது. எதிர்ப் பெட்டியில் மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கு எரிகிறது. மூன்றாம் பெட்டிமேல் கனத்த துணி போர்த்தினேன். அவனுக்காவது ராத்திரி இருக்கட்டும்.

மார்ச் 9
900.

மார்ச் 10
விடியற்காலை அவன் அம்மா பால் கொண்டுவந்தாள், நாலு மில்லி. தையல் வலியோடு சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். "ராத்திரி எப்படி இருந்தான் சிஸ்டர்?" நல்லா இருந்தான் என்றேன். நிஜமாகவே நல்லா இருந்தான்.

ஆறு இருபதுக்கு அவளை ஜன்னலோரம் நிறுத்தித் தூங்குமூஞ்சியைக் காட்டினேன். மேல்கிளையில்தான் முதலில் பச்சை அகலமாகிறது. அவள் ஊர்ச் சாலையிலும் இந்த மரம்தானாம், காய் விழுந்தால் ஆடுகள் அடித்துக்கொள்ளுமாம். இங்கே வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 12
மானாமதுரை, என் வீடு. வாசல் வேம்பு பூத்திருக்கிறது. கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுப் படுத்தேன். முகத்தில் பூ உதிர்ந்தபடி இருந்தது. விழித்தேதான் கிடந்தேன், ஆனால் அது உறுத்தவில்லை.

வார்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். 925.

மார்ச் 15
யாருக்கோ உடம்பு சரியில்லை, மாற்று நைட் வரமுடியுமா என்றார்கள். கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றேன்.

985! தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்துப் பார்த்தேன். 985.

மார்ச் 16
அவனை அவன் அம்மா நெஞ்சோடு ஒட்டவைத்துத் துணி சுற்றினோம். முக்கால் மணி நேரம். மானிட்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவளும் அசையவில்லை, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள்.

மார்ச் 17
1,004.
தூறல். ஆறரை ஆகியும் இலை விரியவில்லை. மேகம் அப்படி. கீழே ரோஜா நிறப் பூ நனைந்து கிடக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டேன்.