ஏலியன், ப்ரெடேட்டர் படங்கள எந்த வரிசையில பாக்கிறது

நெட்ல தேடினா முதல்ல வந்து விழுறது கதை நடக்கிற ஆண்டுப்படி போட்ட லிஸ்ட்தான். 1719ல நடக்கிற ப்ரே முதலாவது, பிறகு ப்ரெடேட்டர், பிறகு 1997ல நடக்கிற ப்ரெடேட்டர் 2, 2004ல விண்வெளி மிருகமான ஏலியனும் வேட்டைக்கார வேற்றுக்கிரகவாசியான ப்ரெடேட்டரும் மோதுற ஏலியன் வெர்சஸ் ப்ரெடேட்டர், அப்பிடியே நீண்டு போய் 2093 ப்ரொமிதியஸ், 2104 கவனன்ட், அதுக்கெல்லாம் பிறகு 2122ல நடக்கிற முதல் ஏலியன். படம் போட்டு கலர் அடிச்சு அம்புக்குறி எல்லாம் வச்சிருப்பாங்க, பாக்க வடிவாத்தான் இருக்கும். அக்காட மகன் அதில ஒண்ட வாட்ஸ்அப்ல அனுப்பி "மாமா இந்த ஓடர்ல பாப்பமா" எண்டு கேட்டிருக்கான். அவன் மட்டக்களப்பில ஏஎல் சோதினை எழுதி முடிச்சிட்டு போயா (பௌர்ணமி) லீவோட சேத்து திருகோணமலை உப்புவெளிக்கு எங்கட வீட்ட வந்து நிக்கப்போறான், இதில ஒரு படம் கூட இன்னும் பாக்கேல்ல. அதாலதான் நான் இவ்வளவு யோசிக்கிறன். இந்தப் படங்கள முதல் தரம் பாக்கிறது ஒருக்காத்தான் கிடைக்கும், அத ஆண்டுக் கணக்குக்காகக் கெடுக்க எனக்கு மனமில்ல.

என்ட முடிவு வெளிவந்த ஆண்டுப்படி. 1979 ஏலியன், 1986 ஏலியன்ஸ், 1987 ப்ரெடேட்டர், 1990 ப்ரெடேட்டர் 2, 2004 ஏலியன் வெர்சஸ் ப்ரெடேட்டர். இந்த அஞ்சும்தான் இந்தப் படம் பாக்கிற மரதனுக்கு முதுகெலும்பு, மற்றதெல்லாம் நேரம் இருந்தா.

ஏன் எண்டு கேட்டா, இந்தப் படங்களுக்குள்ள முடிச்சுப் போட்ட ஆக்கள் எல்லாரும் ஏற்கனவே வந்த படத்தத் திரும்பிப் பாத்துத்தான் போட்டிருக்கினம். ப்ரெடேட்டர் 2 கடைசியில டேனி க்ளோவர் ப்ரெடேட்டர்ட விண்கப்பலுக்குள்ள இறங்குவார் இல்லையா, புகை, மங்கல் வெளிச்சம், சுவரில வேட்டையாடின மண்டையோடெல்லாம் வரிசையா மாட்டியிருக்கும், கமரா அதுகளில மெல்லமாப் போகும், அதில ஒண்டு மட்டும் பின்பக்கமா நீண்டு வழுவழுப்பா இருக்கும், அது ஏலியன்ட மண்டையோடு. ஒருத்தரும் அதப் பத்திக் கதைக்க மாட்டினம், மியூசிக் கூட நிக்காது. முதல் நாள் இரவு ஏலியன் பாத்தவனுக்கு அந்த இடத்தில முதுகு சில்லிடும், ரெண்டு கதையும் ஒரே உலகத்திலதான் நடந்துகொண்டிருந்திருக்கு எண்டு வாய் திறந்து சொல்லாமச் சொல்ற இடம் அது. டார்க் ஹோர்ஸ் கொமிக்ஸ்காரர் 1989லயே ரெண்டையும் மோத விட்டுட்டினம்தான், ஆனா சினிமாவில அந்த ஒரு மண்டையோடுதான் விதை, அதுக்குப் பிறகு 14 வருசம் காத்திருந்துதான் ரெண்டும் மோதுற படம் வந்தது. கதை நடக்கிற ஆண்டுப்படி பாத்தா இந்த மண்டையோடு வரேக்க அவனுக்கு ஏலியன் எண்டா என்னெண்டே தெரியாது, சும்மா ஒரு எலும்பு.

அதே காட்சி முடிய ஒரு வயசான ப்ரெடேட்டர் க்ளோவரிட்ட ஒரு பழைய கைத்துப்பாக்கிய எறியும், அதில 1715 எண்டு வெட்டியிருக்கும். 32 வருசம் கழிச்சு 2022ல வந்த ப்ரேயில அதே துவக்கு திரும்ப வரும். ப்ரேய முதல்ல பாத்தா அது ஒரு துவக்கு மட்டும்தான், பிறகு பாத்தா நான் கதிரையில இருந்து எழும்பின மாதிரி அவனும் எழும்புவான்.

முகங்களிலயும் இதே விளையாட்டு இருக்கு. ஏலியன்ஸ்ல பிஷப் எண்டு ஒரு செயற்கை மனுசன், லான்ஸ் ஹென்ரிக்சன் நடிச்சது, மேசையில பில் பாக்ஸ்டன்ட கைய அமத்தி வச்சு விரல்களுக்கு இடையால கத்திய மின்னல் வேகத்தில குத்திக் காட்டுவார். 2004 படத்தில அதே ஹென்ரிக்சன் சார்ல்ஸ் பிஷப் வேலண்ட் எண்ட பணக்காரனா வந்து, யோசிச்சுக்கொண்டே ஒரு பேனையால தன்ட விரல்களுக்கு நடுவில தட்டிக்கொண்டிருப்பார். கண்ணிமைக்கிற நேரம்தான். பாக்ஸ்டன் வேற வெள்ளிக்கிழமை ஏலியன்ஸ்ல பதறிப் பதறி சாவார், சனிக்கிழமை ப்ரெடேட்டர் 2ல பொலிஸ்காரனா வந்து ரயிலுக்குள்ள திரும்பச் சாவார், அடுத்தடுத்த இரவில பாத்தாத்தான் அதுக்கொரு ருசி.

இனி ஏலியன். இத ஆரும் ப்ரொமிதியசுக்கும் கவனன்டுக்கும் பிறகு போட்டா எனக்கு உண்மையாவே மனசு நோகும். 1979 படத்திட பலமே ஒண்டும் தெரியாம இருக்கிறதுதான். முட்டை என்ன, அத ஆர் அங்க கொண்டு வந்தது, செத்துக் கல்லாப்போன அந்தப் பெரிய உருவம் ஆர், ஒண்டுக்கும் பதில் இல்ல. ப்ரொமிதியசும் கவனன்டும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போன படங்கள், கேள்வி வாறதுக்கு முதலே பதிலக் குடுத்தா பயம் எங்கால வரும். அதோட அந்த லிஸ்ட்படி பாத்தா இன்னொரு குழப்பமும் கிடக்கு, மோதுற படத்தில கொம்பனித் தலைவர் சார்ல்ஸ் பிஷப் வேலண்ட், ப்ரொமிதியஸ்ல பீட்டர் வேலண்ட்தான் எல்லாத்தையும் தொடங்கினவர், அத எடுத்த டைரக்டர் ரிட்லி ஸ்கொட் மோதுற படத்தக் கணக்கிலயே எடுக்கேல்ல. அடுத்தடுத்துப் போட்டா பெடியன் என்னட்டத்தான் விளக்கம் கேப்பான்.

ஏலியன் மெதுவாப் போற படம் எண்டு சொல்லுவினம். திருகோணமலை ஆக்களுக்கு அந்த மெதுவிலயே நிறைய இருக்கு. அந்தக் கப்பல் நொஸ்ட்ரோமோ ஒரு போர்க் கப்பல் இல்ல, 2 கோடி தொன் தாதுவ இழுத்துக்கொண்டு போற ஒரு டக் (இழுவைக் கப்பல்), அவ்வளவுதான். சீனக்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல் வரேக்க முன்னுக்கும் பின்னுக்கும் நிண்டு இழுக்கிற டக் மாதிரி. எஞ்சின் ரூம்ல வேலை செய்ற பார்க்கரும் ப்ரெட்டும் தொடக்கத்தில இருந்தே எங்கட பங்குக் காசு ஏன் குறைய எண்டு புறுபுறுத்துக்கொண்டே இருப்பினம், துறைமுகத்தில வேலை செய்ற ஆக்கள்ட வீட்டில வளந்த எவனுக்கும் அந்தக் கதை விளங்கும். ஏழு பேரும் ஹீரோ இல்ல, சம்பளத்துக்கு வேலை செய்ற ஆக்கள், அதாலதான் ஒருத்தன்ட நெஞ்சப் பிளந்துகொண்டு குட்டி ஏலியன் வெளிய வாற அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி அப்பிடி அடிக்கும். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் அது வரும். அவ்வளவு ரத்தம் தெறிக்கும் எண்டு நடிகர்மாருக்கே முழுசாச் சொல்லேல்ல, வெரோனிக்கா கார்ட்ரைட்ட முகத்தில வாற அந்த அதிர்ச்சி நடிப்பில்ல. ஏலியன் பெரிசா வளந்த பிறகு அந்த உடுப்புக்குள்ள நிண்டது போலாஜி படேஜோ எண்ட நைஜீரியாப் பெடியன், ஆறடி பத்து அங்குலம் எண்டு சொல்றவை, அந்த நீண்ட கைகால்தான் மனுசன் உள்ளுக்க இருக்கிறான் எண்ட நினைப்பே வர விடாமப் பண்ணினது.

ஏலியன்ஸ்க்கு தியேட்டர்ல வந்த 137 நிமிச வேர்ஷன்தான் போடப்போறன். 154 நிமிச ஸ்பெஷல் எடிஷன் எனக்கு நல்ல விருப்பம், ஆனா அதில ஆமிக்காரர் போறதுக்கு முதலே அந்தக் குடியேற்றத்தையும் நியூட் எண்ட சின்னப் பிள்ளையின்ட குடும்பத்தையும் காட்டிப்போடுவாங்க. தியேட்டர் வேர்ஷன்ல நாங்க கதாநாயகி ரிப்ளியோட சேந்து போய்த்தான் வெறுமையாக் கிடக்கிற அந்த இடத்தக் காணுவம். முதல் தரம் பாக்கிறவனுக்கு அதுதான் சரி. சவுண்டும் முக்கியம், அசைவக் கண்டுபிடிக்கிற அந்த மோஷன் ட்ரக்கர் பிப் பிப் எண்டு கிட்டக் கிட்ட வாற சத்தம் ஃபோன்ல கேட்டா ஒண்டுமில்ல, நல்ல ஸ்பீக்கர்ல லைட் நூத்துப்போட்டுக் கேக்கோணும். தூரம் குறைஞ்சு குறைஞ்சு அறைக்குள்ளயே வந்திட்டுது எண்டு காட்டும், கண்ணுக்கு முன்னால ஒண்டுமே இருக்காது, பிறகுதான் ஒருத்தன் மேல சீலிங்கப் பாப்பான். மாரி மழைக்காலம், கூரை ஷீட்டில மழை கொட்டினா சவுண்டக் கூட்டத்தான் வேணும்.

ப்ரெடேட்டர் பத்தி நீட்டத் தேவையில்ல, ஆர்னோல்ட், காடு, சேறு, 107 நிமிசம், ஒரு கமாண்டோ படமாத் தொடங்கி பாதியில வேட்டைப் படமா மாறுற விதம் இண்டைக்கும் பழசாகேல்ல.

ஏலியன் வெர்சஸ் ப்ரெடேட்டர கனபேர் மட்டமாக் கதைப்பினம். நான் அப்பிடி நினைக்கேல்ல. அண்டார்டிக்காப் பக்கம் புவே தீவில ஐசுக்குக் கீழ 2000 அடியில ஒரு பிரமிட், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா சுவரெல்லாம் இடம் மாறும், நூறு வருசத்துக்கு ஒருக்கா ப்ரெடேட்டர் பெடியள் ஏலியன வேட்டையாடி ஆம்பிளையாகிற இடம் அது. குறை இருக்கு, அமெரிக்காவில 13 வயசுக்காரருக்கும் பாக்கலாம் எண்ட சான்றிதழுக்காக ரத்தத்தக் குறைச்சிட்டாங்க. ஆனா ப்ரெடேட்டர் எறிஞ்ச வலை ஏலியன இறுக்கி இறுக்கி தோல வெட்டும், அந்த வெட்டால வடியிற அசிட் ரத்தம் வலையையே கரைக்கும், ஏலியன் தலையில சதுரம் சதுரமாத் தழும்போட எழும்பி நிக்கும். முதல் படத்தில அந்த ரத்தம் கப்பல்ட தட்டுத் தட்டா ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கினதப் பாத்தவனுக்கு இத ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. நாலு படத்தில படிச்சதெல்லாம் பாவனைக்கு வாற இடம் இந்தப் படம்தான், அதாலதான் அஞ்சாவதா வைக்கிறன்.

2007ல வந்த, ரெண்டும் மோதுற அடுத்த படமான ரெக்வியம் போடமாட்டன். படம் முழுக்க இருட்டு, ஆர் ஆர அடிக்கிறது எண்டே தெரியாது. ஏலியன் 3 எனக்குப் பிடிக்கும், அதிட 145 நிமிச நீட்டு வேர்ஷன் அசெம்ப்ளி கட் இன்னும் பிடிக்கும், ஆனா ஏலியன்ஸ் பாத்த சூட்டோட அதப் போட்டா பெடியன்ட மனசு உடைஞ்சு போகும், அது ஒரு மாசம் கழிச்சுத் தனிய இருந்து பாக்கவேண்டிய படம்.

நேரக் கணக்கு லேசு. வெள்ளி இரவு ஏலியன், ஏலியன்ஸ், 254 நிமிசம். சனி பின்னேரத்தில இருந்து மற்ற மூண்டும், 316 நிமிசம், நடுவில சாப்பாட்டுக்கு ஒரு பெரிய இடைவெளி. வெள்ளி எங்கட வீட்டில சைவம், அதால கடலையும் உளுந்து வடையும் இஞ்சிப் பிளேன்டீயும், மேசைக் காட்சிக்கு முதலே சாப்பிட்டு முடிக்கச் சொல்லுவன். சனிக்கு சிக்கன் ரோல்ஸ். திங்கள் போயா எண்டபடியா இறைச்சிக்கடை பூட்டு, தேவையானத ஞாயிறே வாங்கிப்போடோணும். ஞாயிறு பின்னேரம் ப்ரே, கொமாஞ்சி மொழி டப்பிங்தான் போடுவன், எப்பிடியும் சப்டைட்டில் வாசிச்சுத்தான் பாக்கப்போறம், அந்தப் பிள்ளை நாரு தன்ட பாஷையில கதைக்கேக்க படம் வேற மாதிரி இருக்கு. இருட்டினாப் பிறகு ஏலியன் ரொமுலஸ். இதுவும் வெளிவந்த வரிசைதான், 2022, 2024.

போயா அண்டைக்கு 2025ல வந்த ப்ரெடேட்டர் பேட்லண்ட்ஸ். அதில வேட்டைக்காரப் பெடியனே கதாநாயகன், அவனோட சேந்து வாற எல் ஃபானிங் வேலண்ட்-யுடானி செய்த செயற்கைப் பிள்ளை. ஏலியன் படத்துக் கொம்பனிப் பேர் ப்ரெடேட்டர் படத்தில வரேக்க என்ட மருமகன் ஒருத்தரிட்டயும் கேக்காம "மாமா அவங்கள்தானே" எண்டு சொல்லோணும், அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். அது ரத்தம் குறைஞ்ச படம் எண்டபடியா பகல்ல போடலாம், அக்காவும் வந்து இருப்பா.