ராத்திரி டூட்டி கேட்டவர்

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வேலையில் கேஸ் கட்டு எழுதுவதைவிடச் சள்ளை பிடித்தது டூட்டி போடுவது. கோர்ட், ஸ்டேஷன் காவலான பாரா, சம்மன், வாரண்ட் எல்லாம் போக மிஞ்சுகிற ஆட்களை வைத்துத்தான் ராத்திரி ரவுண்ட்ஸை நிரப்ப வேண்டும். ராத்திரி என்றால் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் காய்ச்சல் வரும். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் சீனியர் ஒருவர்தான் கேட்டு வாங்கினார்.

அப்போது அவர் ஏட்டு. அப்புறம் 25 வருஷ சர்வீஸ் முடிந்து எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அவர் கேட்டது இப்படித்தான்: "ரைட்டரே, எனக்கு நைட்டே போட்டுருங்க. உங்க மதினிக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. பகல்ல நான் கூடப் போகணும்."

நியாயமான காரணம். எனக்கும் ஒரு தலைவலி குறைந்தது. போட்டேன்.

காலையில் ரவுண்ட்ஸ் முடித்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, குவார்ட்டர்ஸிலிருந்து மதினியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுவார். ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்தில் மூன்று தடவை. போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ் வாங்க நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். காக்கி பேண்ட்டுக்கு மேலே கட்டம் போட்ட சட்டை, தலைக்குச் சாப்பாட்டுப் பை, வராந்தா பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். இடது பக்கத்தில் ராத்திரி நிறுத்திச் சோதித்த வண்டி நம்பர்கள். வலது பக்கத்தில் டயாலிசிஸுக்கு முன் மதினியின் எடை, பின் எடை, அன்றைக்குக் குடித்த தண்ணீர் எத்தனை டம்ளர். கால் டம்ளர், அரை டம்ளர் என்றுகூட எழுதியிருப்பார். அந்த நோட்டைக் காட்டித்தான் புதிதாக வந்த பையன்களிடம் "குடும்பம்னா இப்படிப் பார்க்கணும்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

குலசை தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம் என்று ஜில்லாவே பந்தோபஸ்துக்குக் கிளம்பும்போதும் அவரை ஸ்டேஷன் பாராவில் வைத்துக்கொள்வேன். இதற்காக மற்றவர்களிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

பணி நிறைவு விழா அன்று எல்லோரும் இதையே பேசினார்கள். குடும்பத்தையும் டூட்டியையும் ஒரு சேரப் பார்த்த மனிதர் என்று டி.எஸ்.பி. அய்யா சொன்னார். மாலை எல்லாம் போட்டு முடிந்து சாப்பிடப் போகிற நேரத்தில், ஊசி ஏறி ஏறி நரம்பு புடைத்த கையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மதினி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கடைசி வரைக்கும் அவுகளுக்கு நைட் டூட்டிய மாத்தி விடலியே நீங்க. எத்தனை தடவை உங்ககிட்ட கேட்டாகளாம்."

கோபமெல்லாம் இல்லை. உப்புக் குறைவாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார், அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி பந்தி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆள் பத்தலை மதினி" என்றேன்.

அவர் ஒரு தடவைகூட மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. தனக்காக இவர் தூக்கத்தை விடுகிறார் என்று தெரிந்தால் மதினி டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதனால் பழியை என் தலையில் போட்டார். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் ரைட்டர் வில்லனாக இருந்துவிட்டுப் போகட்டும், அதிலொன்றும் குறைந்துவிடாது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ரவுண்ட்ஸ் கிளம்பும் முன் டீ குடிக்கும்போது ஒரு நாள் சொன்னார்: "ராத்திரிதான் தம்பி அவளுக்குக் காலு இழுக்கும். விடிய விடியப் பொட்டு தூக்கம் கிடையாது." சொல்லிவிட்டு உடனே வண்டிக்கு பெட்ரோல் பில் எங்கே என்று கேட்டார். அந்த ராத்திரிகளில் காலைப் பிடித்துவிட்டது யார்? மகள்தான், அவள் அப்போது பிளஸ் டூ. பகலில் அவ்வளவு செய்த மனிதர், ராத்திரிக்கு மட்டும் வீட்டில் இருக்க முடியாமல் என்னிடம் வந்து டூட்டி வாங்கிக்கொண்டு போனாரா? இப்படி யோசிப்பதே தப்பு என்றும் படுகிறது. ஏ.டி.எம்., நகைக்கடை, பூட்டிய வீடு என்று, ரவுண்ட்ஸ் வந்ததற்குக் கையெழுத்துப் போடும் எல்லாப் பட்டா புத்தகத்திலும் ராத்திரி 2 மணிக்கு, 3 மணிக்கு அவர் கையெழுத்து இருக்கும். மற்றவர்கள் மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லா நேரத்தையும் போட்டவரில்லை. ஓய்வெடுக்க டூட்டிக்கு வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

நடுவில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கேட்டார்: "இவருக்கு ஏன்யா எப்பவும் நைட்?" அவரே கேட்டு வாங்குகிறார் என்றேன். "எழுதிக் கொடுத்திருக்காரா?" இல்லை. அண்ணனிடம் ஒரு மனு எழுதச் சொன்னேன். "பேப்பரெல்லாம் எதுக்கு ரைட்டரே, வாயால சொன்னா போதாதா" என்று சிரித்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-ஆவது பிரிவில் சாட்சியிடம் வாங்கும் வாக்குமூலம் மாதிரி ஆயிற்று, புதுச் சட்டத்தில் இப்போது அது 180. சாட்சி சொல்வார், நாம் எழுதிக்கொள்வோம், அவர் கையெழுத்து இருக்காது. நாளைக்கு அவரே அப்படிச் சொல்லவில்லை என்றால் நம் பேச்சு நிற்காது. மனு வேண்டாம் என்றபோது அவர் மனதில் மதினி இருந்தாரா, அதில் காரணம் எழுத வேண்டியிருக்கும் என்பது இருந்ததா என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கி, அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள். ஸ்டேஷனில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள், பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் திட்டினார்கள். அண்ணன் மட்டும், "அப்போ இன்னும் ரெண்டு வருஷம் நைட்டு" என்றார். 2021-இல் காவலர்களுக்கு வார விடுமுறை அரசாணை வந்தபோதும், "எனக்கு அது எதுக்கு, பசங்களுக்குக் கொடுங்க" என்றார். அதை அன்றைக்குப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டோம். பெருந்தன்மையாகவே இருக்கலாம்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டூட்டி போடுகிறவன் வந்து கேட்பதைத்தான் கேட்க முடியும். வீட்டுக்குள் போய் விசாரிக்க இது என்ன பாஸ்போர்ட் என்கொயரியா? அதே நேரம், ராத்திரிக்கு நிரந்தரமாக ஓர் ஆள் கிடைத்த நிம்மதியில் "ஒரு மாசம் மாத்திப் பார்ப்போமாண்ணே" என்று நானாகக் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படித்தான் நினைக்கிறேன்.

பென்ஷன் விஷயமாக அண்ணன் இப்போதும் ஸ்டேஷனுக்கு வருகிறார். பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கும் கம்யூடேஷன் எவ்வளவு, இன்சூரன்ஸ் கார்டு எப்போது வரும் என்று பேசுகிறோம். மதினி கேட்டதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுபடி மதினி கேட்டாலும் ஆள் பத்தலை என்றுதான் சொல்வேன். அது பொய்யும் இல்லை. அவர் போனதிலிருந்து ராத்திரி ரவுண்ட்ஸுக்கு ஆள் பிடிக்கத் தினமும் சாயங்காலம் சண்டைதான்.