போன்வில்லில் ஆயில் திரும்பி வரவில்லை: பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது

1969 டிரையம்ஃப் போன்வில், 650 சிசி, இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம் மெரிடனில் செய்த மோட்டார் சைக்கிள். ஓட ஓட இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை கூடிக்கொண்டே போனது, டேங்கில் ஆயில் இறங்கியது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் "ரிங் போச்சு, போர் பண்ணிடு" என்றார்கள், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கு என்று. ரிங் தேய்ந்தால் ஆயில் குறையும்தான், ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டுவதற்குள் டேங்கில் அளவு கண்ணெதிரே இறங்காது. அதனால் சிலிண்டரைத் தொடவில்லை.

பழைய புல்லட் மாதிரி கிரேங்க் கேஸோடு சேர்ந்த ஆயில் அறை இதில் கிடையாது. டேங்க் தனியாக சீட்டுக்குக் கீழே இருக்கிறது. பம்பில் இரண்டு பிளஞ்சர் (மேலும் கீழும் ஓடி ஆயிலைத் தள்ளும் தண்டு): சின்னது டேங்கிலிருந்து கிரேங்குக்கு (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அனுப்பும், பெரியது சம்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் வடியும் குழி) சேர்வதை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பும். அந்தத் திரும்பும் பைப்பிலிருந்துதான் ராக்கருக்கும் (எஞ்சின் மேலே வால்வை அழுத்தும் நெம்புகோல்) ஒரு கிளை போகிறது, ஆகவே திருப்பும் பக்கம் படுத்தால் மேலே டாப்பெட் சத்தமும் கூடும். எனக்குக் கூடியிருந்தது.

புகை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம். பல நாள் நிறுத்திவைத்து ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து பிறகு தெளிந்தால், நிற்கும்போது டேங்க் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து சம்பில் இறங்கியிருக்கிறது. இந்த வண்டிகளுக்கு அது பெரிய வியாதி இல்லை. ஓடும்போது புகை ஏறிக்கொண்டே போனால் திருப்பும் பக்கம்தான் கோளாறு, சம்பில் தேங்கும் ஆயில் மேலேறி எரிகிறது.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே திரும்பும் பைப் வாயிலிருந்து ஆயில் விட்டுவிட்டு, காற்றுக் குமிழியோடு துப்ப வேண்டும். பெரிய பிளஞ்சர் வருவதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் குமிழி இருப்பது சரிதான். எனக்கு ஏதோ ஒரு சொட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. வண்டியை நிறுத்தியதும் சூட்டோடு சம்ப் பிளக்கைக் கழற்றினேன். சுமார் 100 மில்லி இருந்தால் கவலையில்லை, எனக்கு அரை லிட்டருக்கு மேல் கொட்டியது.

இனி சந்தேகம் இரண்டு இடத்தில்தான். சம்புக்குள் நிற்கும் உறிஞ்சும் குழாயில் விரிசல் இருந்தால், ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல வெறும் காற்றுதான் ஏறும். டைமிங் கவரை (எஞ்சினின் பக்கவாட்டு மூடி) திறந்து, கூம்பு வடிவ நட் இரண்டையும் கழற்றி பம்பை எடுத்துவிட்டு, குழாயின் அடிவாயை விரலால் அடைத்துக்கொண்டு, மேலே பம்ப் உட்காரும் துளையில் ஒரு பெரிய சிரிஞ்சை ரப்பர் டியூபோடு பொருத்தி இழுத்தேன். பிடித்த இழுவை அப்படியே நின்றது. குழாய் நல்லது.

அடுத்து பம்ப். ஆயில் ஊற்றி, வெளிவரும் துளை இரண்டிலும் நிரம்பும்வரை பிளஞ்சர்களை அழுத்தி, பிறகு மெல்ல மேலே தூக்கினேன். துளையில் நிற்கும் ஆயில் கீழே இறங்கக் கூடாது. சின்னதில் நின்றது, பெரியதில் சரசரவென்று உள்ளே போய்விட்டது, அதாவது பால் வால்வு (ஆயில் திரும்பி ஓடாமல் துளையை அடைக்கும் சின்ன குண்டு) உட்காரவில்லை. அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால் ஸ்பிரிங், பால், பாலுக்கும் இருக்கைக்கும் நடுவில் நகக்கண் அளவுகூட இல்லாத அலுமினியத் துணுக்கு ஒன்று. இவ்வளவுக்குத்தான் போர் பண்ணச் சொன்னார்கள்!

இருக்கையைத் துடைத்து, புதுப் பாலை வைத்து, பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு மெல்லிய தட்டு. பலமாகத் தட்டினால் இருக்கை கெட்டுவிடும். பம்பை ஓட்டும் சறுக்குக் கட்டையும் ஓரம் தேய்ந்திருந்ததால் மாற்றிவிட்டேன், விலை ஒன்றும் பெரிதில்லை. புதுப் பம்பே வாங்கு என்ற யோசனை எனக்கு இன்னும் ஒப்பவில்லை, துணுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதுப் பம்ப் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

இப்போது டேங்கில் ஒழுங்காகத் துப்புகிறது, புகையும் இல்லை. பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் கேஜ் மாட்டிப் பார்த்தேன்: சூடான பிறகு ஓட்டத்தில் 70 பிஎஸ்ஐ, மேனுவல் சொல்வது 65 முதல் 80. ஐடிலில் குறைந்தது 20 வேண்டும், 15தான் காட்டுகிறது. அதற்கு டைமிங் கவருக்குள் கிரேங்க் முனையைப் பிடிக்கும் ஆயில் சீல் மேல் சந்தேகம். சீல் ஆர்டர் போட்டாயிற்று. அதிலும் ஏறவில்லை என்றால் கிரேங்கில் உள்ள ஸ்லட்ஜ் டிராப்பைத்தான் (ஆயில் அழுக்கு சேரும் குழாய்) திறக்க வேண்டும், அதற்கு எஞ்சினை முழுக்கப் பிரிக்கணும், குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.