ஆமைக்கு மாமியார் இருந்தால்: பலகை எண் 17

பதினேழாவது பலகையில்தான் மூன்றும் சேர்ந்து நின்றன. அறிவியல் செய்தி, சிரிப்பு, ஊருக்குச் சொல்ல வேண்டிய ஒரு சொல். இதற்கு முன் எழுதிய பதினாறிலும் ஏதாவது ஒன்று மற்றதைத் தின்றுவிட்டது. இந்த முறை அப்படி ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பாம்பன் தெற்குவாடிப் பக்கம் டீக்கடைச் சுவரில் நாலடிக்கு மூன்றடி கறுப்புப் பூச்சு, அதுதான் என் பலகை. வாரம் ஒரு முறை எழுதுகிறேன். இப்போது தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், வலையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள் ஒரு டீயோடு எழுந்து போவதில்லை. படிக்க ஆள் இருக்கிற காலம்.

முதலில், தோற்ற இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

பலகை 9, பவளப்பாறை. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளம் வெளுக்கும் நான்காவது நிகழ்வு நடக்கிறது என்று அறிவித்தார்கள். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியும் பவளம்தானே, நம் ஊர்ச் செய்திதான். அதோடு சிவப்பழகு கிரீமைச் சேர்த்தேன். "பவளம் வெளுத்தது, செத்தது. வெளுப்பு அழகு என்று யார் சொன்னது?" நல்ல சிரிப்பு. பெண்பிள்ளைகள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். ஆனால் வரி தப்பு. வெளுத்த பவளம் அப்போதே செத்ததில்லை. உள்ளே குடியிருந்து சோறு போட்ட நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். பவளம் பட்டினியில் கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். சொல் எடுப்பாக விழ வேண்டும் என்பதற்காக உண்மையை வளைத்துவிட்டேன். அடுத்த வாரம் பாதிப் பலகையைத் திருத்தத்துக்கே கொடுத்தேன்.

பலகை 12 இன்னும் மோசம். கடல் குதிரை. பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட்டுவிடும், சுமந்து பெறுவது ஆண்தான். இதை வைத்து, வீட்டு வேலையைத் தொடாத ஆண்களைக் கிண்டல் செய்ய நினைத்தேன். நடந்தது வேறு. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற ஒரு பெண்ணின் கணவர், காலையில் அவரே சோறு வடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர். அவரைப் பிடித்துக்கொண்டு "கடல் குதிரை வருதுடா" என்றார்கள். மனிதர் ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாளே பலகையை அழித்தேன், நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். சுமப்பவனைப் பாராட்டுகிற வரி அதில் ஒன்றுகூட இல்லை. அது என் தவறு. அதற்குப் பிறகு எழுதி முடித்ததும் முதலில் கேட்கிற கேள்வி: இந்தச் சிரிப்பு யார் தலையில் போய் விழும்?

சரி, 17-க்கு வருகிறேன்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 29 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம், அதற்கு மேல் ஏற ஏறப் பெண், குளிர்ந்தால் ஆண். முட்டை மணலுக்குள் கிடக்கும் நாட்களில் நடுப்பகுதியில்தான் இது முடிவாகிறது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடக்குக் கரைகளில் பிறந்த பேராமைகளில், இளசுகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண். தெற்கே, சூடு குறைந்த கரைகளில் பிறந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பெண். உலகம் சூடாவதை இதைவிடக் கண்ணுக்கு நேராகக் காட்டுகிற செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்க்காதவர் யார்? அதனால் செய்தி சுலபமாக உள்ளே போனது.

ஊருக்கான சொல்லும் கையிலேயே இருந்தது. மூன்றாவதும் பெண் என்றால் மருமகளைக் கரிக்கிற பேச்சு. மனிதப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வருகிற குரோமோசோமில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான், ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி அது உள்ளே போகவில்லை.

இங்கேதான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். குரோமோசோம் என்று எழுதினால் பாதிப் பேர் அந்த வரியோடு திரும்பிவிடுவார்கள். "விதை" என்று எழுதிப் பார்த்தேன். உடனே அழித்தேன். விதை அவனுடையது, நிலம் அவளுடையது என்ற பழைய பேச்சை நானே சுவரில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தாயும் சரிபாதி கொடுக்கிறாள். அப்புறம் "எழுத்து" என்று போட்டேன், தலையெழுத்து என்று படிப்பார்கள், வேண்டாம். கடைசியில் கிடைத்தது "சீட்டு". ஆளுக்கு ஒரு சீட்டு போடுகிறார்கள். தாயின் கையில் இருப்பது எல்லாமே எக்ஸ் சீட்டு. தகப்பன் கையில் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. குலுக்கலில் எது விழும் என்று அவனுக்கும் தெரியாது. இதைச் சொல்லிக் காட்டியபோது எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெரியவர் ஒருவர், "அப்ப ரெண்டு கை போட்டாத்தான் பிள்ளை, மாத்துறது மட்டும் அப்பன் கை" என்றார். அவர் வாயில் அப்படி வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

சிரிப்பு வரி இப்படி வந்தது: "ஆமைக்கு மாமியார் இருந்தால் மணலைத் திட்டுவாள். நம்ம ஊர் மாமியார் சொந்த மகனையல்லவா திட்டணும்?"

இதற்குமேல் ஒரு சொல் கூட வேண்டாம் என்று நினைத்தேன். சுண்ணக்கட்டி எடுத்துக் கொடுக்க வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள், "அண்ணே, பொண்ணு பொறந்தா எதுக்கு யாரையாவது திட்டணும்?" வரியின் அடியில் கிடந்த குறையை அவள்தான் பிடித்தாள். கீழே சேர்த்தேன்: "திட்டியே தீரணும் என்றால் மகனை. வந்திருப்பது தங்கக்குட்டி என்றால் திட்டு எதற்கு?" இப்போது சிரிப்பு வீட்டுக்கு வந்த மருமகள் மேலும் விழவில்லை, பிறந்த பிள்ளை மேலும் விழவில்லை.

மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதியதே முந்தைய பலகைகளின் கோளாறு என்று இப்போது தெரிகிறது. அப்படி எழுதினால் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே செய்தியைச் சொல்லாமல் சிரிப்பைத் திருப்பிச் சொல்லவே முடியாது. மணலைத் திட்டுவாள் என்றால் ஏன் மணல் என்று கேட்பார்கள், சூட்டைச் சொல்லியே ஆக வேண்டும். புதன்கிழமை ஏலக்கூடத்தில் ஒரு அக்கா இன்னொரு அக்காவுக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன். "29 டிகிரி" என்பதையும் விடவில்லை.

சுண்ணக்கட்டி பற்றி ஒரு வார்த்தை. வாடையோ கச்சானோ, எந்தக் காற்றானாலும் இங்கே சுவரில் உப்பீரம் ஏறும், எழுத்து விடிவதற்குள் மங்கும். கட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஈரத்தோடு எழுதினால் பளிச்சென்று பிடிக்கிறது. சர்க்கரை கூடினால் எறும்பு வரிசை கட்டும், ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி போதும். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் வாங்குகிற கட்டி உதிராமல் நிற்கிறது. இங்கே கிடைப்பது ஊறியதும் கரைந்துவிடுகிறது.

அடுத்தது கணவாய். இதயம் மூன்று, ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அதன் ரத்தத்தில் செம்பு செய்கிறது. "எங்க ரத்தம் வேற" என்று சாதி பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி கிடைக்காது. ஆஸ்திரிய மருத்துவர் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அந்த வகைகள் எல்லாச் சாதியிலும் கலந்தே கிடக்கின்றன. "வேற ரத்தம் என்கிறவரைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்கள், நீலமாக வந்தால் கணவாய்" என்பது வரை வந்திருக்கிறேன். கிள்ளுவது அடிதடியில் போய் நிற்கும், ரத்ததானத்துக்குத் திருப்ப வேண்டும். இன்னும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 17-ஐ அழிக்கத் துணியை நனைத்தேன். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பெண்குழந்தைகளோடு வந்த தங்கச்சி கடை வாசலிலேயே நின்றது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்ணே. எங்க அத்தை அன்னைக்குத்தான் வர்றாங்க."

துணியைப் பிழிந்து காயப் போட்டேன். ஈரத்தில் "மணல்" மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது, அதற்கு மேலே இன்னொரு முறை எழுதிவிட்டு வந்தேன்.