பிழை சொல்லாமல் காத்திருக்கும் பண்டில்கள்

ஓஎஸ்ஜிஐ-யில் (ஜாவா மென்பொருளைப் ‘பண்டில்’ எனும் தனித்தனித் துண்டுகளாகக் கட்டும் முறை) கட்டிய மென்பொருளில் என்னை அதிகம் சோதித்த கோளாறு, பிழைச் செய்தியே வராத கோளாறுதான். பண்டில் ‘ஆக்டிவ்’ என்று காட்டும், லாக்கில் ஒரு சிவப்பு வரி இருக்காது, வேலை மட்டும் நடக்காது. ஏதோ ஒரு சர்வீஸ் (ஒரு பண்டில் மற்றவற்றின் பயன்பாட்டுக்குப் பதிவு செய்து வைக்கும் ஆப்ஜெக்ட்) வரட்டும் என்று அது பொறுமையாகக் காத்திருக்கும்.

ஒரு திட்டத்தில் அறிவிப்பு அனுப்பும் பண்டில் இப்படி நின்றுபோனது. ஒரு சர்வீஸை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கெட்யூஸிங்பண்டில்ஸ் மூலம் கேட்டால், சர்வீஸைக் கையில் வாங்கியவர்கள் மட்டும்தான் தெரிவார்கள்; வாசலில் நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். தேவைகளை அறிவித்தால் போதும் என்ற டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் முறையில் எழுதியிருந்தால் எந்தத் தேவை நிறைவேறவில்லை என்று அதை இயக்கும் எஸ்சிஆரின் கட்டளையே சொல்லிவிடும். இதுவோ, சர்வீஸ்கள் வருவதையும் போவதையும் கவனிக்கும் சர்வீஸ்டிராக்கரை நேரடியாகப் பயன்படுத்திய பழைய கோடு.

கைகொடுத்தது ஓஎஸ்ஜிஐ 4.2 பதிப்பில் வந்த லிஸனர்ஹூக். லிஸனர் என்பது சர்வீஸ் மாற்றங்களுக்காகக் காத்திருக்கும் கோடு; யார் அப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதை இந்த ஹூக் காட்டும். அதைச் செயல்படுத்தும் ஒரு சர்வீஸைப் பதிவு செய்ததும், ஏற்கெனவே காதுகொடுத்திருக்கும் லிஸனர்கள் அத்தனையையும் ஃபிரேம்வொர்க் (பண்டில்களை இயக்கும் ஓஎஸ்ஜிஐ-யின் மையப் பகுதி) நம்மிடம் தந்துவிடுகிறது; புதிதாகச் சேர்வதும் விலகுவதும் பிறகு வந்துகொண்டே இருக்கும். எந்தப் பண்டில், எந்த ஃபில்டர் (எந்த சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை) என்ற இரண்டும் கிடைக்கின்றன. ஃபில்டர் தராத லிஸனருக்கு நல் (வெற்று மதிப்பு) வரும். யாருக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் வசதி வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

பட்டியலில் எங்கள் பண்டில் இருந்தது, ஃபில்டரும் சரி. அதே ஃபில்டரை கெட்ஆல்சர்வீஸ்ரெஃபரன்ஸஸ்-இல் கொடுத்தால் சர்வீஸும் கிடைத்தது! ஆனால் காத்திருந்த பண்டிலின் கான்டெக்ஸ்ட் (அது ஃபிரேம்வொர்க்குடன் பேசும் ஆப்ஜெக்ட்) வழியாக, ‘ஆல்’ இல்லாத கெட்சர்வீஸ்ரெஃபரன்ஸஸ்-இல் கேட்டபோது ஒன்றுமில்லை. அந்த வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. இன்டர்ஃபேஸ் இருந்த பேக்கேஜை இரண்டு பண்டில்கள் எக்ஸ்போர்ட் செய்திருந்தன, அதாவது மற்றவை பயன்படுத்த வெளியே கொடுத்திருந்தன. தருபவர் ஒன்றோடும் கேட்பவர் மற்றொன்றோடும் இணைந்திருந்தார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் ஜாவாவுக்கு அவை வேறு வேறு கிளாஸ்கள். ‘ஆல்’ இல்லாமல் கேட்டால், பொருந்தாத சர்வீஸை ஃபிரேம்வொர்க் சத்தமில்லாமல் மறைத்துவிடுகிறது. அது, வேறு கிளாஸ் கைக்கு வந்து கோடு உடையாமல் இருக்கும் பாதுகாப்புக்காகத்தான். கூடுதல் நகலை நீக்கியதும் அறிவிப்புகள் போகத் தொடங்கின.

இந்த ஹூக்கை எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வேறு வேறு திரெட்களிலிருந்து (ஒரே நேரத்தில் ஓடும் செயல் இழைகள்) அழைப்பு வருவதால், ‘விலகியது’ என்ற செய்தி ‘சேர்ந்தது’ என்பதை முந்திக்கொண்டு வரலாம். லிஸனர் ஏற்கெனவே விலகிவிட்டதா என்று சொல்லும் இஸ்ரிமூவ்ட் இருப்பது அதற்காகத்தான். லிஸனரைச் சேர்க்கும் திரெட்டிலேயே ஹூக்கும் ஓடுகிறது. ஹூக் தாமதித்தால் அந்தத் திரெட்டும் காத்திருக்கும். எனவே அங்கே குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, சர்வீஸ் தேடலைத் தனித் திரெட்டுக்கு விட்டுவிடுங்கள்.