புத்தகப்பைக்குக் காசு வரும், பஸ்காசுக்கு வராது

திருகோணமலையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி தேடுவதுதான் என் வேலை. புரொப்போசல் எழுதுவேன், கணக்கறிக்கை அனுப்புவேன், வெளிநாட்டிலிருக்கும் அண்ணாமாரோடு இரவில் வட்சப்பில் கதைப்பேன். புத்தகப்பை, தையல் மெஷின், சைக்கிள் என்று கேட்டால் காசு சுணங்காமல் வரும். ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீடு வீடாகப் போய், பள்ளிக்கூடம் வராமல் நின்றுவிட்ட சின்னவர்களைத் தேடிப்பிடிக்கும் எங்கள் ஃபீல்ட் ஒஃபிசருக்குச் சம்பளம் வேண்டும் என்றால் பதில் வேறு.

"தங்கச்சி, எங்கட காசு நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது."

நிர்வாகச் செலவாம்! அவள் போய்க் கூட்டிவராவிட்டால் அந்தப் பையை யார் தோளில் மாட்டுவது?

பொருளைக் கொடுத்தால் போதும் என்ற நினைப்பை இந்தக் கரை முன்பே பார்த்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். கடல் கொண்டுபோனதைவிடக் கூடுதலான சிறு படகுகள் வந்து இறங்கிய இடங்களும் உண்டு. கொடுத்தவரின் பெயர் மட்டும் பக்கவாட்டில் பெரிதாக இருந்தது.

பெரிய டோனர்கள் சம்பளத்துக்கு இடம் விடுவார்கள், அதை மறுக்க முடியாது. காலாண்டு அறிக்கை, ஒவ்வொரு வவுச்சருக்கும் ஸ்கேன் என்று உயிரை எடுத்தாலும் காசு ஒழுங்காக வரும். ஆனால் திட்டம் முடிகிற நாளில் சம்பளமும் முடியும். 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தபோது, ஒரே டோனரை நம்பிக் கடை விரித்தவர்களின் பாடு எல்லோருக்கும் விளங்கியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோதும் அப்படித்தான். ரூபாயில் போட்ட பட்ஜெட் பெற்றோலுக்கே காணாது.

எனக்குப் பிடித்த நன்கொடையாளர் கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு நானா. மாதம் பிறந்தால் ஃபீல்ட் ஒஃபிசரின் பஸ்காசு வந்துவிடும். கேட்பது பற்றுச்சீட்டு மட்டும். "படம் எடுத்து அனுப்பவா நானா?" என்றதற்கு, "என்னத்துக்கு புள்ள, பஸ்ஸையா படம் புடிக்கப் போறீங்க?" என்றார்.

இப்போது டவுன் கடைக்காரர்களிடமும் அதே மாதிரிக் கேட்கிறேன்: மாதம் 1000 ரூபாய், ஒரு வருடத்துக்கு, சம்பளத்துக்கு என்று வெளிப்படையாகச் சொல்லியே. கந்தூரிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் யோசிக்காமல் தருகிறவர்கள், சம்பளம் என்றதும் கல்குலேட்டரை எடுக்கிறார்கள். மத்திய வீதியில் இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள் தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்ப்போம் என்கிறார்கள்.