வழித்துணை லென்ஸ்

லென்ஸ் டெஸ்ட் பண்றேன்னு கெளம்புறவன் மொதல்ல போய் நிக்கிற எடம் ஏதாவது ஒரு செவுரு. செவுரு கெடைச்சா போதும், ட்ரைபாட போட்டு நேரா எடுத்து, நாலு மூலையும் ஷார்ப்பா இருக்கா, கோடு எங்கயாவது வளையுதான்னு வீட்டுக்கு வந்து பெருசு பண்ணி பெருசு பண்ணி பாப்பான். வேலூர்க்காரனுக்கு இதுல ஒரு சவுகரியம் இருக்கு, செவுத்துக்குன்னே பேர் போன ஊரு நமக்கு பைக்குல அரைமணி நேரம்தான். திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகுன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க. அதனால தீபாவளி முடிஞ்ச வாரம் ஒரு ஞாயித்துக்கெழம காலைல புது லென்ஸ எடுத்துகிட்டு விரிஞ்சிபுரம் போய்ட்டேன்.

புது லென்ஸ்னா நிக்கானோட 24-120 எஃப் 4, இசட் மவுண்ட். 24ங்கறது அகலமா எடுக்குறது, 120ங்கறது தூரத்த கிட்ட இழுக்குறது, எஃப் நம்பர் கொறைய கொறைய லென்ஸோட தொறப்பு பெருசு, வெளிச்சம் அதிகம். செகண்ட் ஹேண்ட்தான், கேமராவும் செகண்ட் ஹேண்ட் இசட் 6தான், வீட்ல புதுசுன்னு இருக்குறது மெமரி கார்டு மட்டும்தான். இத வாங்குறதுக்கு முன்னாடி பத்து வருஷமா அகலத்துலேர்ந்து தூரம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஒத்த லென்ஸா வர ஜூம்னா எனக்கு ஒரு எளக்காரம், அது சோம்பேறிங்க லென்ஸு, கால நகத்தி எடுக்க தெரியாதவன் வாங்குறதுன்னு வாட்ஸ்அப் க்ரூப்ல நானே எத்தன பேருக்கு கிளாஸ் எடுத்திருக்கேன். என் பையில எப்பவும் மூணு லென்ஸு: 50 எஃப் 1.8, ரொம்ப கிட்டப்போய் சின்னத பெருசா எடுக்குற 105 மேக்ரோ, அப்பறம் பழைய டிஎஸ்எல்ஆர் காலத்து 70-200 எஃப் 2.8, அத அடாப்டர் போட்டு மாட்டணும். ஒரு நாள் சும்மா கணக்கு போட்டு பாத்தேன், 415 கிராம், 630 கிராம், 1540 கிராம், அடாப்டர் 135, மொத்தம் 2.7 கிலோ, இதுல கேமராவே சேரல. புதுசு வெறும் 630 கிராம். அதாவது என் மேக்ரோவும் இதுவும் ஒரே எடை. கழுத்து வலின்னு வீட்ல சொன்னா "யாரு தூக்க சொன்னாங்க"ன்னு ஒரே பதில்தான் வருது, சரி வாங்கிருவோம், ஆனா இது தோத்துரும், தோத்தவுடனே வித்துருவோம்ங்கற நெனப்புலதான் வாங்கினேன். உண்மைய சொன்னா அது தோக்கணும்னு ஆசையாவே இருந்துச்சு.

மதில் முன்னாடி ட்ரைபாட போட்டு ரெண்டு செகண்ட் டைமர் வச்சு, கை ஆட்டத்த சமாளிக்குற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணிட்டு, மொதல்ல 50, அப்பறம் ஜூம 50ல வச்சு அதே ஃப்ரேம், எஃப் 4, 5.6, 8, 11ன்னு வரிசையா எடுத்துகிட்டு இருக்கேன். பக்கத்துல திண்ணைல இருந்த ஒரு பெரியவரு ரொம்ப நேரமா பாத்துட்டு எழுந்து வந்து "இன்னாப்பா, செவுத்தையே எடுத்துகினு கீற, சர்வே ஆபீஸா?"ன்னாரு. இல்ல தாத்தா, லென்ஸ் நல்லா இருக்கான்னு செக் பண்றேன்னேன். செவுத்த ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்துட்டு "செவுரு நல்லாதான் கீது"ன்னு சொல்லிட்டு போய்ட்டாரு.

ரிசல்ட்டுக்கு வரேன். எஃப் 4ல 50தான் ஜெயிச்சுது, மூலைல கல்லோட பொரிப்பொரி தனித்தனியா தெரியுது, ஜூம்ல கொஞ்சம் மசமசன்னு. ஆனா இந்த எடத்துல ஒரு விஷயத்த யோசிக்கணும், நான் பத்து வருஷமா யோசிக்கல. 50க்கு எஃப் 4ங்கறது ரெண்டு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப்பு மூடினா வெளிச்சம் பாதி) மேல மூடின நெலம, அது சவுகரியமா உக்காந்திருக்குற எடம். ஜூமுக்கு எஃப் 4ங்கறது முழுசா தொறந்த நெலம. ஒருத்தன் நடந்து வரான், இன்னொருத்தன் மூச்சு வாங்க ஓடி வரான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தாங்கன்னு கணக்கு பாத்தா எப்படி? 5.6ல வித்தியாசம் தேடி கண்டுபிடிக்கணும். எஃப் 8ல, சத்தியமா, ஃபைல் பேர எல்லாம் மாத்தி போட்டு எனக்கு நானே பரிட்ச வச்சேன், ஆறுல மூணுதான் சரியா சொன்னேன், அதுக்கு காசு சுண்டி விட்டே சொல்லியிருக்கலாம். 24ல மட்டும் மூலைங்க கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கு, ஏன்னா கோடு வளையறத கேமராவே ப்ரொஃபைல், அதாவது அந்த லென்ஸோட வளைவு கணக்கு, வச்சு நிமித்திடுது, நிமித்தும்போது ஓரத்த இழுத்துதான ஆகணும்.

கோயிலுக்குள்ள நேரம் காட்டும் கல்லுன்னு ஒன்னு இருக்கு, அரை வட்டமா செதுக்கி எண்ணு போட்டிருக்கும், அந்த பள்ளத்துல குச்சிய வச்சா நெழல் விழுற எடம்தான் மணி. அத எடுக்க வழக்கமா மேக்ரோவ மாத்துவேன். அன்னிக்கு சோம்பல்ல 120லயே கிட்ட போய் எடுத்தேன், இந்த லென்ஸு 35 சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகுது, தாராளமா போதும்னு ஆயிடுச்சு. அங்க சாமி பேரு மார்கபந்தீஸ்வரர், தமிழ்ல வழித்துணைநாதர், வழிப்பயணத்துல வணிகர் ஒருத்தருக்கு தொணையா கூடவே போனதா தலபுராணம். வெளிய வரும்போது கையில ஒத்த லென்ஸோட வந்தத நெனச்சு சிரிப்பு வந்துச்சு, அன்னிலேர்ந்து எங்க வீட்ல அந்த 24-120க்கு வழித்துணைன்னே பேரு.

ஆனா செவுரு ஓடாது, சிரிக்காது, இருட்டுல நிக்காது. அதனால அடுத்தது வேலூர் கோட்டை. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு எங்க ஊர கிண்டல் பண்ணுவாங்களே, அந்த சாமி இல்லாத கோயில்தான் ஜலகண்டேஸ்வரர், 1981ல மறுபடி லிங்கம் வந்து சேந்ததுக்கு அப்பறம் அந்த கிண்டல்ல ஒன்னு கொறஞ்சுது, ஆனா ஊர்க்காரங்க இன்னும் பழைய மாதிரியேதான் சொல்லிகினு இருக்காங்க. அங்க கல்யாண மண்டபத்து தூண்ல யாளியும் குதிர வீரனும் பாத்தவங்களுக்கு தெரியும், வெளிய வெயில் கொளுத்தும், உள்ள கல்லு கருப்பா இருட்டா இருக்கும். இங்க 50 எஃப் 1.8தான் ராஜான்னு நெனச்சேன். எஃப் 4க்கும் 1.8க்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வெளிச்சம், ஜூம்ல ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப கேமரா ஏத்திக்குற அளவு, ஏற ஏற படம் மண்ணு மண்ணா ஆகும்) 6400 கேக்குற எடத்துல இதுல 1250 போதும். எடுத்தும் பாத்தேன். குதிரயோட மூக்கு ஷார்ப், மேல உக்காந்திருக்குற வீரன் மங்கல், பின்னாடி தூண் வரிச எல்லாம் பஞ்சு மாதிரி கரைஞ்சு போச்சு. சிற்பம் எடுக்க போறவனுக்கு மூக்கு மட்டும் எதுக்கு? மூடிகிட்டே வந்து கடைசில அங்கயும் எஃப் 5.6லதான் நின்னேன், அப்ப 1.8 வாங்கினதுக்கு அங்க அர்த்தமே இல்ல. கல்லு ஆடப்போறதில்ல, கேமராவுக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இருக்கு, மூச்ச புடிச்சுகிட்டு கையிலயே பத்துல ஒரு செகண்டு, ஐஎஸ்ஓ 800, ஜூம்ல ஜம்முனு வந்துச்சு. அகலமா மண்டபம் 24ல, அதே எடத்துல நின்னுகிட்டே விதானத்து கிளிய 120ல. ட்ரைபாட் விரிச்சா பர்மிஷன் எங்கன்னு வந்து நிப்பாங்க, அதனால இந்த கையில எடுக்குற வித்த அங்க ரொம்ப முக்கியம்.

50 ஜெயிச்சது வேற எடத்துல. கார்த்திகை தீபத்தன்னிக்கு வாசல்ல வெளக்கு வச்சுட்டு பொண்ணு குனிஞ்சு திரிய தூண்டிகிட்டு இருந்தா. லைட்ட எல்லாம் அணைச்சாச்சு, வெறும் அகல் வெளிச்சம். ஜூம்ல எஃப் 4, அறுபதுல ஒரு செகண்டுக்கு ஐஎஸ்ஓ 12800ஐ தொட்டுச்சு, மூஞ்சில நெறம் எல்லாம் செத்து போய் மண்ணு தூவின மாதிரி. அவ என்ன யாளியா, ஆடாம நிக்க? ஸ்டெபிலைசேஷன் நம்ம கை ஆடறதுக்குதான், அவ தலை ஆடறதுக்கு இல்ல. ஓடிப்போய் 50ஐ மாட்டிகிட்டு வந்தேன், ஐஎஸ்ஓ 2500, கன்னத்துல அந்த மஞ்ச வெளிச்சம் அப்படியே உக்காந்திருக்கு, பின்னாடி வச்ச வெளக்கெல்லாம் உருண்ட உருண்டயா. "என்னங்க, வெளக்கு அணையப்போவுது, எண்ணெ ஊத்தறதா போட்டோ புடிக்கறதா"ன்னு உள்ளேர்ந்து கொரல் வந்ததெல்லாம் தனி. அந்த ஒரு படத்துக்காகவே 50ஐ யாருக்கும் குடுக்க மாட்டேன்.

பொங்கல் முடிஞ்சு மச்சான் ஃபோன் பண்ணான், "மாமா, எங்க ஊர்ல மாடு விடுற விழா, கேமராவ எடுத்துகினு வாங்க"ன்னு. அணைக்கட்டு பக்கம் ஊரு. தெரியாதவங்களுக்கு, எங்க பக்கம் ஜல்லிக்கட்டு மாதிரி மாட்ட அணையறது இல்ல, தெருவுல ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி மாட்ட விடுவாங்க, எந்த மாடு கம்மி நேரத்துல எல்லைய தாண்டுதோ அதுக்கு பரிசு. இங்கதான் 70-200 எதுக்கு இருக்குன்னு காட்டணும்னு அடாப்டரோட ஒன்றரை கிலோவுக்கு மேல தூக்கிகிட்டு போனேன். தூரத்துல மாடு வரும்போது 200 அருமதான், கொம்புல கட்டின பலூனு, காலுக்கடியில பறக்குற மண்ணு எல்லாம். ஆனா மாடு நம்மள நோக்கிதான ஓடி வருது? ரெண்டு செகண்டுல 200ல வெறும் நெத்தி, 70ல வெறும் வயிறு, அப்பறம் மாடே இல்ல, வாலு. அதுக்கப்பறம் திரும்பி பாத்தா மொட்டமாடில நிக்குற கூட்டம், தடுப்பு மேல தொங்குற பசங்க, துண்ட சுத்துற பெருசு, எல்லாமே அகலம் கேக்குற படம்.

லென்ஸ மாத்தலாம்னு அந்த புழுதியில கழட்டினேன் பாருங்க, அதுதான் நான் பண்ண முட்டாள்தனம். இசட் 6 மாதிரி மிரர்லெஸ்ல லென்ஸ கழட்டினா படம் பதியற சென்சார் அப்படியே தொறந்து கெடக்கும். அன்னிக்கு எடுத்த பாதி படத்துல வானத்துல மூணு கருப்பு புள்ளி, ஒன்னொன்னா அழிச்சு முடிக்க ரெண்டு ராத்திரி. மத்தியானத்துக்கு மேல வழித்துணைய மாட்டிகிட்டு சாயங்காலம் வரைக்கும் கழட்டவே இல்ல. 120ல எடுத்து, அப்பறம் 200 அளவுக்கு வெட்டினா எவ்ளோ மிஞ்சுதுன்னு கணக்கு பாத்தேன், 24.5 மெகாபிக்சல்ல கிட்டத்தட்ட 8.8 மிஞ்சுது, ஏ 4 பிரிண்டுக்கு அதுவே சரியா போதும். ஆனா பின்னாடி கூட்டம் கரையறது மட்டும் 2.8ல வர மாதிரி வராது, அத ஒத்துக்கணும்.

திரும்பி வரும்போது இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ரெண்டு கிலோ வாங்கினேன், 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய். காம்புல நெசமாவே முள்ளு இருக்கும், பாத்து எடுக்கலன்னா கைய பதம் பாத்துரும். மறுநா காலைல ஜன்னல் வெளிச்சத்துல வச்சு ரெண்டு லென்ஸுலயும் எடுத்தேன். ஜூம்ல கிட்டப்போனா ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம் அகலம் ஃப்ரேம்ல வருது, ஒரு முழு கத்திரிக்கா அழகா உக்காருது, கறிகாய் கடைக்கு போஸ்டர் அடிக்கலாம். மேக்ரோவுல அதே ஃப்ரேம் வெறும் 36 மில்லிமீட்டர், முள்ளு அடில ஊதா நெறம் பச்சையா மாறுற எடம், அதுல ஒட்டிகிட்டிருந்த ஒரு துளி மண்ணு எல்லாம் தெரியுது. அது ஜூமுக்கு வரவே வராது, எவ்ளோ வெட்டினாலும் வராது. ஆனா நான் மாசத்துல எத்தன தடவ முள்ள எடுக்கறேன்? காவலூர் வானாய்வகத்துல 2.34 மீட்டர் கண்ணாடி வச்ச தொலைநோக்கி இருக்கு, அது மாதிரி ஒரு வேலைக்குன்னே பொறந்த கருவி இந்த ஒலகத்துல வேற எதாலயும் முடியாதத செய்யும், அதுக்காக அத தூக்கிகிட்டு கல்யாணத்துக்கு போக முடியாதில்ல. மேக்ரோ இப்ப பீரோல, சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கு, கத்திரிக்கா எண்ணெ கத்திரிக்காயா ஆயிடுச்சு.

70-200ஐ விக்கலாமான்னு யோசிச்சுகிட்டே இருக்கேன், முகூர்த்த சீசனுக்கு மண்டபத்துல வீடியோ எடுக்குற ஒரு தம்பி கேட்டிருக்கான். வெலை இன்னும் படியல.

அந்த மாடு விடுற படத்துல ஒன்னு, மாடு கடந்து போற நேரத்துல 35 பக்கம் இழுத்து எடுத்தது, மாடும் தெருவும் மாடில நிக்குற மொத்த சனமும் ஒரே படத்துல. மச்சான் அத ஊரு முனையில ஃப்ளெக்ஸா போடணும்னு கேட்டான். ஒரிஜினல ட்ரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்பறேன்னு சொன்னேன், நாலு மாசமா மூலை மூலையா பெருசு பண்ணி பாத்த லென்ஸாச்சே. "வேணா மாமா, அன்னிக்கே வாட்ஸ்அப்ல அனுப்பினீங்கல்ல, அதயே கடையில குடுத்து அடிச்சாச்சு"ன்னான். போன வாரம் போய் பாத்தேன். பத்தடி அகலம், மாட்டோட கண்ணு கட்டம் கட்டமா இருக்கு. மாடில நின்னவங்கள்ல ஏழெட்டு பேரு கீழ நின்னுகிட்டு அவங்கவங்க மூஞ்ச கண்டுபுடிச்சு காட்டிகினு இருந்தாங்க.